பஷ்தோ பேச்சில் ஆங்கிலம்: பெஷாவர் ஒரு மாதிரி, காபூல் ஒரு மாதிரி

ஷார்ஜா சேகர்

நான் வேலை பார்ப்பது லாரி, டிரெய்லர் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில். ஆட்களில் பாதிக்கு மேல் பட்டான்கள். மர்தான், ஸ்வாத் பக்கத்துப் பாகிஸ்தானியர் ஒரு கூட்டம். கந்தஹார், ஹெல்மந்த் பக்கத்து ஆப்கானியர் இன்னொரு கூட்டம். இரு தரப்புக்கும் தாய்மொழி பஷ்தோ. நாள் முழுக்கக் காதில் விழுகிறது, ஆனால் எனக்குப் புரிவது அதில் மிதக்கும் ஆங்கிலம் மட்டும்தான். பஞ்சர், கிளச், பிரேக், டூட்டி, லைசன்ஸ், ஓவர்டைம். முதலாளி கத்திவிட்டுப் போனதும் ஒருவர் இன்னொருவரிடம் "டென்ஷன் மா அக்லா" என்பார். டென்ஷன் எடுத்துக்காதே என்று அர்த்தமாம்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இவர்களுக்குள் ஒரு சண்டை வரும் பாருங்கள். மர்தான்காரரின் மகன் ஸ்கூலுக்குப் போகிறான். கந்தஹார்காரரின் மகன் ஷோவன்ஸைக்குப் போகிறான். ஆஸ்பத்திரி இவருக்கு ஹஸ்பத்தால், அவருக்கு ரோக்தூன். இவருக்கு யுனிவர்சிட்டி, அவருக்கு போஹன்தூன். "உங்கள் பஷ்தோ பாதி இங்கிலீஷ், பாதி உருது" என்று அவர் சீண்டுவார். "நீ பேசுவது ரேடியோ பஷ்தோ, உன் அம்மாவே அப்படிப் பேச மாட்டாள்" என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

பிரிட்டிஷ்காரன் ஆண்ட பக்கம் ஆங்கிலம் கலந்தது, ஆளாத பக்கம் கலக்கவில்லை, அவ்வளவுதானா? இல்லை, வேறு கதை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலு கோவை

எல்லா ஊரிலும் நடப்பதுதானே அண்ணே. நாம் பேசுவதில் மட்டும் ஆங்கிலம் குறைவா?

மொழியன்

//அவ்வளவுதானா?//

பாதி சரி சேகர். மீதிப் பாதிதான் சுவாரசியம்.

பெஷாவர்ப் பள்ளத்தாக்கு 1849ல் பஞ்சாபோடு சேர்த்து பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1893ல் ஆப்கானிஸ்தானோடு எல்லையாக டூராண்ட் கோடு போட்டார்கள், 1901ல் வடமேற்கு எல்லை மாகாணம் என்று தனியாகப் பிரித்தார்கள். கன்டோன்மென்ட், கோர்ட், ஜெயில், ரயில், கல்லூரி எல்லாம் கோட்டுக்குப் பெஷாவர்ப் பக்கம் வந்தன. எட்வர்ட்ஸ் பள்ளி 1855லேயே உண்டு. இஸ்லாமியா கல்லூரி 1913ல் வந்தது. கைபர் கணவாய் வழியாக லண்டி கோத்தலுக்கு ரயில் 1925ல் போனது. ஆகவே பெஷாவர்ப் பக்கத்துப் பழைய கடன் சொற்களைப் பார்த்தால் முக்கால்வாசி பட்டாளமும் கோர்ட்டும்தான்: ஜர்னேல், கப்தான், மேஜர், பல்டன், அபீல், ஜேல், பென்ஷன். நம் ஊரில் பெரிய வெள்ளைக்காரனை லாட் சாயபு என்றார்களே, அங்கேயும் லாட் சாஹிப்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, இவற்றில் பல ஆங்கிலேயர் வாயிலிருந்து நேராக வரவில்லை. சிப்பாய், குமாஸ்தா, வியாபாரி என்று ஹிந்துஸ்தானி பேசியவர்கள் வாயில் ஒரு முறை மென்று பிறகு பஷ்தோவுக்கு வந்தவை. "டென்ஷன் எடுத்துக்காதே" என்பதும் அப்படித்தான், உருதுவில் 'டென்ஷன் மத் லோ' என்பதன் அச்சு. அதனால் பெஷாவரில் எது ஆங்கிலத் தாக்கம், எது உருதுத் தாக்கம் என்று கத்தி போட்டு வெட்ட முடியாது. இன்றைக்கும் ஒரு புதுச் சொல் பெஷாவர்த் தெருவுக்கு வருவது பெரும்பாலும் உருது டிவி வழியாகத்தான்.

ஆப்கான் பக்கம் கதை வேறு. அங்கே பிரிட்டிஷார் 1839, 1878, 1919 என்று மூன்று போர் நடத்தினார்களே தவிர உட்கார்ந்து ஆளவில்லை. அதனால் ஆங்கிலம் நுழையவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே முதலில் நுழைந்த ஐரோப்பிய மொழி வேறு. காபூலில் இருந்த நம் நண்பர் ஒருவர் இந்த மன்றத்தில் உண்டு, அவர் வந்து சொல்லட்டும்.

சாலங் ராஜா

கூப்பிட்டதற்கு நன்றி மொழியன் சார்.

புல்-இ-கும்ரியிலிருந்து சாலங் கணவாய் தாண்டி காபூலுக்கு 220 கிலோவோல்ட் மின்தடம் இந்திய உதவியில் போட்டோமே, அந்த வேலையில் இருந்தேன். 2009ல் அதில் மின்சாரம் ஓடத் தொடங்கியது. ஆப்கான் மின்வாரியத்தின் பெயரே ப்ரேஷ்னா ஷெர்க்கத். ப்ரேஷ்னா என்றால் பஷ்தோவில் மின்னல். அதையே கரண்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். மின்னலிலிருந்து மின்சாரம் எடுத்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மின்னஞ்சலுக்கு அவர்கள் சொல் ப்ரேஷ்னாலீக். லீக் என்றால் கடிதம். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஆனால் இரண்டு ஊர்ப் பண்டிதர்களும் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள். பெஷாவரில் இதே கரண்ட் 'பிஜிலி'.

இப்போது ஐரோப்பியச் சொல் விஷயம். காபூலில் நாங்கள் செய்துகொண்டிருந்தது 'ப்ரோஜக்ட்' இல்லை, 'ப்ரோஷா'. கூட்டம் போட்டால் 'கன்ஃபரான்ஸ்'. மேல்நிலைப் பள்ளி 'லேஸா'. எல்லாம் பிரெஞ்சு உச்சரிப்பு. ஆப்கான் மன்னர் அமானுல்லா காலத்தில் 1922ல் காபூலில் பிரெஞ்சுப் பள்ளி தொடங்கினார்கள், 1924ல் ஜெர்மன் பள்ளி. லேஸா என்பது அந்த வழியில் வந்தது. ப்ரோஷா போன்றவை ஈரானியப் பாரசீகம், தரி (ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகம்) வழியாக வந்தவை. அதே வேலையை பெஷாவர் எஞ்சினியர் 'ப்ராஜெக்ட்' என்பார், 'கான்ஃபரன்ஸ்' என்பார். ஒரே மொழி, ஒரே பொருள், ஒரு பக்கம் பாரிஸ் வாடை, ஒரு பக்கம் லண்டன் வாடை.

2001க்குப் பிறகுதான் காபூல் பக்கம் ஆங்கிலம் கொட்டியது. தொண்டு நிறுவனம் என்றால் 'இன்ஜோ'. என், ஜி, ஓ மூன்றையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். ஒர்க்‌ஷாப், மொபைல், கிரெடிட் கார்டு. இந்தக் கிரெடிட் கார்டு வங்கியுடையது இல்லை, போனுக்குப் போடும் ரீசார்ஜ் கார்டு! முதல் வாரம் ஒரு டீக்கடைப் பையன் "கிரெடிட் கார்டு இருக்கிறதா" என்று கேட்டபோது முழித்தேன். எல்லைக்குப் பாகிஸ்தான் பக்கம் அதே சரக்கு 'ஈஸிலோட்'. ஒரு கம்பெனி தன் சேவைக்கு வைத்த பெயர், எல்லாக் கம்பெனிக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

வேலு கோவை

சரி, இப்போது ஆர்வம் வந்துவிட்டது. ரோக்தூன், போஹன்தூன் என்கிறீர்களே, இவையெல்லாம் பழைய சொற்களா, புதிதாகச் செய்தவையா?

மொழியன்

செய்தவை. 1936ல் ஆப்கானிஸ்தானில் பஷ்தோவை அலுவல் மொழியாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே பஷ்தோ தோலனா என்ற கழகம் காபூலில் வந்தது. கலைச்சொல்லாக்கம் அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. 'தூன்' என்பது இடத்தைக் குறிக்கும் பின்னொட்டு. எறும்புப் புற்றுக்கான நாட்டுச் சொல்லிலேயே அந்த தூன் உண்டு. அதை எடுத்து நலம் உள்ள இடம் ரோக்தூன், அறிவின் இடம் போஹன்தூன், மருந்துள்ள இடம் தர்மல்தூன் என்று அடுக்கினார்கள். விமானம் அல்வுதகா, ஹெலிகாப்டர் சூர்லகா, ஜனாதிபதி வுலஸ்மஷர்.

பெஷாவரிலும் பல்கலைக்கழகத்தில் பஷ்தோ அகாடமி உண்டு, 1955ல் தொடங்கியது. அகராதி, பதிப்பு என்று நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அகாடமி செய்த சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுத, பாடப்புத்தகத்தில் அச்சடிக்க, சம்பளச் சீட்டில் போட ஒரு அரசு வேண்டுமே. பெஷாவரில் அலுவலகம் ஆங்கிலமும் உருதுவும். காபூலில் பணத்தாளிலேயே பஷ்தோ இருக்கிறது. ஒரு பக்கம் சொல் ஒட்டியதற்கும் ஒட்டாததற்கும் பெரிய காரணம் அதுதான்.

தமிழ்வேள்

பாருங்கள்! அரசு மனம் வைத்தால் தூய மொழி முடியும் என்பதற்குக் காபூல் சாட்சி. நம் ஆட்கள்தான் பேருந்து, மகிழுந்து என்றால் சிரிக்கிறார்கள். பஷ்தோக்காரன் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் சொந்தப் பெயர் வைத்திருக்கிறான்.

சாலங் ராஜா

தமிழ்வேள் சார், அந்தத் தூய்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. காபூலில் துரத்தப்பட்டது ஆங்கிலம் இல்லை, பாரசீகம். 2008ல் பல்க் மாகாணத்து அரசுத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள், பல்கலைக்கழகத்தைப் போஹன்தூன் என்று சொல்லாமல் தானிஷ்கா என்று பாரசீகத்தில் சொன்னதற்காகப் பண்பாட்டு அமைச்சகம் அபராதம் போட்டது. தரி பேசுகிறவர்கள் தங்கள் மொழியில் தங்கள் சொல்லைச் சொன்னதற்கு அபராதம்! அதே காலத்தில் அதே ஊரில் ஒர்க்‌ஷாப், செமினார், இன்ஜோ என்று ஆங்கிலம் வாசல் வழியாகவே நடந்து வந்துகொண்டிருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடுதான் சண்டை, தூரத்து விருந்தாளியோடு இல்லை.

தமிழ்வேள்

அது அரசியல். சொல்லாக்கம் வேறு.

சாலங் ராஜா

அங்கே இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

நெறியாளர்

பஷ்தோவோடு நிற்கட்டும். மகிழுந்து விவாதத்துக்கு ஏற்கெனவே மூன்று இழைகள் திறந்திருக்கின்றன.

தம்மாம் சிஸ்டர்

நான் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் வார்டில் பட்டான் நோயாளிகள் எப்போதும் இருப்பார்கள். டிரைவர், மேஸ்திரி, ஜேசிபி ஓட்டுகிறவர்கள். வந்து முதலில் சொல்வது "ஷூகர்", "பிரெஷர்", "கேஸ்". டெஸ்ட், எக்ஸ்ரே, ஆபரேஷன் எல்லாம் அப்படியே ஆங்கிலம். ஆனால் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் ஒரு ஆங்கிலச் சொல் இருக்காது. "சர் மே கூகீகி" என்றால் தலை வலிக்கிறது. அதற்கு மேல் எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா என்று அவர்கள் சொல்வது முழுக்க வீட்டு மொழி. அந்த இடத்தில்தான் எங்களுக்கு உருது தெரிந்த பையன் யாராவது உதவிக்குத் தேவைப்படுவான். நோயின் பெயர் டாக்டரிடமிருந்து வருகிறது, வலி அவர்களோடதுதானே.

இன்ஜெக்‌ஷனுக்கு மட்டும் 'ஸ்தன்' என்கிறார்கள். தையல் ஊசிக்கும் அதே சொல்தான். நாமும் ஊசி போடுங்கள் என்கிறோம் இல்லையா, அது மாதிரி.

இன்னொன்று, 'ஆபரேஷன்' என்ற சொல்லைக் கேட்டால் ஸ்வாத், வஜீரிஸ்தான் பக்கத்து ஆட்கள் சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஊரில் ஆபரேஷன் என்றால் ராணுவம் வருவது.

மொழியன்

சிஸ்டர் சொன்ன கடைசி விஷயம் முக்கியமானது. 2009ல் ஸ்வாத்திலிருந்து லட்சக்கணக்கான பேர் ஊரைவிட்டுப் போனார்கள். அந்த வருஷங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கற்றுக்கொண்ட ஆங்கிலம்: கர்ஃப்யூ, செக்போஸ்ட், டிரோன், ஆபரேஷன், ஐடிபி. இடம்பெயர்ந்தவர்களுக்கான அந்த அலுவலகச் சுருக்கத்தை வைத்தே மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஃபேஷனுக்காகவோ படிப்புக்காகவோ வந்த ஆங்கிலம் இல்லை இது. கையில் துப்பாக்கியோடு வந்தது.

சேப்பாக்கம் ரசிகன்

என் பங்குக்குக் கிரிக்கெட். 2023 அக்டோபர் 23, சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் அடித்ததே, அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தேன். 283 இலக்கு. எனக்கு முன்வரிசையில் சென்னையில் படிக்கும் ஆப்கான் பையன்கள் நாலைந்து பேர். விக்கெட், ஓவர், அவுட் எல்லாம் ஆங்கிலத்திலேயே கத்தினார்கள். ஆனால் ரன்னுக்கு மட்டும் 'மன்டே', 'மன்டே' என்றார்கள். கேட்டபோது ஓட்டம் என்றுதான் பொருள் என்றான் ஒருவன். நம் ரேடியோ வர்ணனையில் வரும் அதே ஓட்டம்!

அவர்கள் நாட்டு இருபது ஓவர் லீக்கின் பெயர் ஷ்பகீஸா. 2013லிருந்து நடக்கிறது. சிக்ஸர் என்று அர்த்தம். அணி லோப்டலா, ஆட்டக்காரர் லோப்காரை, மைதானம் லோப்காலை. ஆனால் தலைமுறைக்கு ஏற்ப மாறுகிறதாம்: பெரியவர்கள் அகதி முகாமில் விளையாடிக் கற்றதால் பாட்டிங், போலிங் என்றுதான் சொல்வார்கள், டிவி பார்த்து வளர்ந்த பையன்கள்தான் இந்தப் புதுச் சொற்களை அதிகம் சொல்கிறார்களாம்.

மொழியன்

அகதி முகாம் என்றதும் விட்டுப்போன ஒரு கண்ணி கிடைத்தது, நன்றி ரசிகரே. 1979க்குப் பிறகு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் பாகிஸ்தானுக்கு வந்தார்கள். பெஷாவரைச் சுற்றி முகாம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 2002க்குப் பிறகு பெரும் கூட்டமாகத் திரும்பிப் போனார்கள். போகும்போது கிரிக்கெட் மட்டையோடு பிஜிலி, ஸ்கூல், டைம், லேட் எல்லாம் போனது. இன்றைக்கு ஜலாலாபாத்தில் ஒருவர் 'ஸ்கூல்' என்றால் அவர் முகாமில் படித்தவராக இருக்கலாம். ஆக ஷார்ஜா சேகர் பார்த்த கோடு அவ்வளவு நேர்க்கோடு இல்லை. கந்தஹார்ப் பக்கம் கோடு தடிமன், ஜலாலாபாத் பக்கம் அழிந்த கோடு.

ஷார்ஜா சேகர்

இது சரியாக இருக்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஜலாலாபாத் ஆள் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், சண்டை வந்தால் மர்தான்காரர் பக்கம்தான் நிற்பார்.

ஒரு இலக்கணக் கேள்வி. 'மோட்டர்' என்கிறார்கள், பன்மைக்கு 'மோட்டரூனா' என்கிறார்கள். ஆனால் டாக்டர்கள் என்பதற்கு 'டாக்டரூனா' இல்லை, 'டாக்டரான்'. ஏன்?

மொழியன்

இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஷ்தோவில் ஆண்பால் பெயர்ச்சொல் உயிருள்ளது என்றால் பன்மைக்குப் பொதுவாக 'ஆன்', உயிரற்றது என்றால் 'ஊனா'. அதனால் டாக்டரான், இன்ஜினீரான். ஆனால் மோட்டரூனா, ஸ்கூலூனா, பமூனா. பமூனா என்றால் பாம்கள், அதாவது குண்டுகள். நம் உயர்திணை அஃறிணை மாதிரியே தோன்றும், ஆனால் அங்கே கணக்கு உயிர் உண்டா இல்லையா என்பது. ஆங்கிலச் சொல் நுழைந்த அன்றே அதன் நெற்றியில் இந்த முத்திரை விழுந்துவிடுகிறது.

அதைவிட நுட்பமானது பால். பஷ்தோவில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண். அதனால் டிக்கட் ஆண், மோட்டர் ஆண். நோட்டுப் புத்தகத்துக்கு நம் பக்கமும் காப்பி என்று சொல்வார்களே, அது அங்கே காப்பை ஆகிவிட்டது, பெண்பால். லாரியும் அப்படியே லாரை, பெண்பால். பஷ்தோவின் சொந்தப் பெண்பால் விகுதி மாதிரியே ஒலிப்பதால், கேட்டால் அது ஆங்கிலச் சொல் என்றே தோன்றாது.

பால் எதற்கு அவ்வளவு முக்கியம் என்றால், செயப்படுபொருள் உள்ள வினையில், இறந்தகாலத்தில் வினைமுற்று செய்தவரோடு ஒத்துப்போகாது, செய்யப்பட்ட பொருளோடு ஒத்துப்போகும். நான் டிக்கட் வாங்கினேன் என்றால் "மா டிக்கட் வாகிஸ்த்". நான் காப்பி வாங்கினேன் என்றால் "மா காப்பை வாகிஸ்தா". வாங்கியது நான்தான், ஆனால் வினை மாறுவது டிக்கட்டுக்கும் காப்பிக்கும் ஏற்ப. ஆகவே ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பால் தீர்மானிக்காமல் பஷ்தோவில் ஒரு இறந்தகால வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. ஒரு நிமிஷம்கூட அந்தச் சொல் வெளிநாட்டுக்காரனாக நிற்க முடியாது.

வினைச்சொல் கடன் இன்னும் எளிது. 'கவல்' என்றால் செய்வது. ஃபோன் கவல், டிரை கவல், சார்ஜ் கவல். நாம் பண்ணு போட்டு முடிப்பது போல. தனக்கு நடப்பது என்றால் 'ஆவது' என்ற வினை: லேட் ஷ்வம் என்றால் லேட் ஆகிவிட்டேன், ஃபேல் ஷூ என்றால் ஃபெயில் ஆகிவிட்டான். இந்தக் கதவை ஆங்கிலத்துக்காகத் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அரபு, பாரசீகப் பெயர்ச்சொற்களோடு இதே கவல் பல நூற்றாண்டாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கோஷிஷ் கவல் என்றால் முயற்சி பண்ணுவது. கோஷிஷ் இருந்த நாற்காலியில் டிரை வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஒலி விஷயத்தில் இரண்டு. ஆங்கிலத்தின் t, d ஒலிகள் பஷ்தோவில் நாக்கை மடித்துச் சொல்லும் நம் நாமடி டகரமாகவே விழும். தரியில் அப்படி இல்லை, பல்லில் தட்டும் தகரம், தாக்தர் என்பார்கள். ஈரானியக் குடும்பத்து மொழியாக இருந்தும் பஷ்தோவில் நம் பக்கத்து நாமடி ஒலிகள் உண்டு. அப்புறம், நாமும் உருதுக்காரர்களும் இஸ்கூல் என்று முன்னால் ஒரு இகரம் வைப்போம். பட்டானுக்கு அது தேவையே இல்லை. வெள்ளைக்கு ஸ்பீன், நட்சத்திரத்துக்கு ஸ்தோரை என்று தன் சொல்லையே அப்படித் தொடங்குகிறவர்கள், ஸ்கூல் என்பதைச் சுத்தமாகச் சொல்வார்கள். ஃப மட்டும் சொந்த ஒலி இல்லை. படிக்காதவர்கள் வாயில் அது பகரம் ஆகிவிடும், ஃபேஷன் பேஷன் ஆகும்.

ஆக இலக்கணத்துக்கு ஆங்கிலத்தால் ஒரு கீறல்கூட இல்லை என்பது என் கட்சி.

பங்காளி

மொழியன் சாரோடு மோதுவதற்காகவே லாகின் செய்தேன்.

இலக்கணம் பத்திரமாக இருக்கலாம். உறவுமுறை? என் பெயரைப் பாருங்கள். பஷ்தோவில் அப்பாவின் அண்ணன் தம்பி மகன் 'தர்பூர்'. நம் பங்காளி அச்சு அசல். நிலம் பிரிக்கையில் எதிரே நிற்பவன் அவன்தான், அதனால் தர்பூர் என்ற சொல்லுக்கே போட்டியாளன், பகையாளி என்ற நிழல் உண்டு. அந்தப் பங்காளிக் காய்ச்சலுக்கு 'தர்பூர்வலீ' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பக்தூன் சமூகத்தைப் பற்றி எழுதும் மானுடவியலாளர்கள் யாரும் இந்தச் சொல்லைத் தொடாமல் போக முடியாது. மாமா மகனுக்கு இந்த நிழல் கிடையாது, அவனை மாமா மகன் என்றே சொல்வார்கள்.

இப்போது பெஷாவரில், இஸ்லாமாபாத்தில் வளரும் பிள்ளைகளிடம் கேளுங்கள். எல்லாரும் 'கஸன்'. பங்காளியும் கஸன், மாமா மகனும் கஸன், அத்தை மகளும் கஸன். காக்கா (அப்பாவின் அண்ணன் தம்பி), மாமா எல்லாம் 'அங்கிள்'. டயரும் கிளச்சும் புதுப் பொருளோடு வந்த புதுப் பெயர்கள், அவற்றால் நஷ்டம் இல்லை. இது அப்படி இல்லை. இருந்த ஒரு வேறுபாட்டை அழிக்கிறது.

மொழியன்

நல்ல அடி. ஆனால் கஸன் வந்ததால் தர்பூர் போனதா, நிலத்தை விட்டு ஃப்ளாட்டுக்குப் போனதால் தர்பூர் போனதா? பெஷாவர்ப் புறநகர் ஹயாதாபாத்தில் வாடகைக்கு இருப்பவனுக்குப் பிரிக்க என்ன வயல் இருக்கிறது?

பங்காளி

இரண்டும்தான். ஆனால் சொல் போன பிறகு பிள்ளைக்குத் தாத்தா சொல்லும் கதை பாதி புரியாது. எண்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கிழவர்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள், அறுபது என்பதை மூன்று இருபது என்பார்கள். பேரன் போன் நம்பரை 'ஸீரோ த்ரீ' என்றுதான் சொல்கிறான்.

தம்மாம் சிஸ்டர்

என் பிள்ளைக்கும் எழுபத்தொன்பது என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. சும்மா சொல்லி வைத்தேன், நெறியாளர் கோபிக்க வேண்டாம்.

குறிஞ்சி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சொற்களைப் பற்றியே பேசுகிறோம். எனக்குப் பெரிதாகத் தெரிவது எழுத்து. 2023 கணக்கெடுப்புப்படி பாகிஸ்தானில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல் பஷ்தோ தாய்மொழிக்காரர்கள். கோடிக்கணக்கில் வருகிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எழுத்துக்கூட்டப் பழகுவது உருதுவில் அல்லது ஆங்கிலத்தில். தாய்மொழி பள்ளியில் கிடைத்தால் ஒரு பாடம், அவ்வளவே. பழைய ஸ்வாத் சமஸ்தானத்தில் பஷ்தோவே அலுவல் மொழியாக இருந்தது. 1969ல் அது பாகிஸ்தானோடு இணைந்ததும் அந்தக் கதை முடிந்தது.

விளைவு என்ன? போனில் பேசுகிறவன் மெசேஜ் என்றால் ஆங்கில எழுத்தில் பஷ்தோ அடிக்கிறான். பஷ்தோவுக்கே உரிய எழுத்துகள் சில உண்டு, உருது விசைப்பலகையில் அவை இருக்காது. தனியாக நிறுவ வேண்டும். யார் மெனக்கெடுவார்கள்? ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரே ஒலியை கந்தஹார்க்காரர் 'ஷ' என்றும் பெஷாவர்க்காரர் 'க' என்றும் உச்சரிக்கிறார். மொழியின் பெயரே பஷ்தோ, பக்தோ என்று இரண்டு. அரபு எழுத்தில் இருவருக்கும் அது ஒரே எழுத்து, ஒரே சொல். ஆங்கில எழுத்தில் அடித்ததும் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிடுகிறது. எல்லைக் கோடு போட்டபோதுகூடப் பிரியாதது, கீபேடில் பிரிகிறது. பஞ்சரும் கிளச்சும் செய்யாத வேலையை இது செய்கிறது.

மொழியன்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கலைச்சொல் இல்லாததால் ஒரு மொழி மெலிவதில்லை. படிக்க எழுத அதில் இடம் இல்லாததால் மெலிகிறது. ஆங்கிலச் சொல் அந்த மெலிவின் அறிகுறி, நோய் அது இல்லை.

சாலங் ராஜா

எழுதப் படிக்க இடம் இருக்கும் காபூலில் கலவைகூட அழகாக வருகிறது. வெப்சைட்டுக்கு அவர்கள் சொல் வெப்பாணா. வெப் ஆங்கிலம், பாணா என்றால் இலை, ஏடு. துரத்தவும் இல்லை, அப்படியே விழுங்கவும் இல்லை.

வேலு கோவை

பெஷாவர் அவ்வளவு மோசமா? அங்கே 2020ல் ஓடத் தொடங்கிய புதுப் பேருந்துக்கு 'ஸூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேனே. போகலாம் என்று அர்த்தமாம்.

ஷார்ஜா சேகர்

வேலு, மர்தான்காரரிடம் கேட்டேன். "ஆமாம், ஸூ. ஆனால் நாங்கள் எல்லாரும் பிஆர்டி என்றுதான் சொல்வோம்" என்றார். பஸ் ரேபிட் டிரான்சிட் என்பதன் சுருக்கம். கந்தஹார்காரர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த ஆங்கிலச் சொற்கள் பாட்டில், கவிதையில் வருமா? இரவில் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து ஒருவர் பாடுவார், அதில் 'மொபைல்' என்று கேட்ட மாதிரி இருந்தது.

மொழியன்

சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அது டப்பாவாக இருக்கும், ஆப்கான் பக்கம் லண்டை என்பார்கள். இரண்டே அடி: முதலடியில் 9 அசை, இரண்டாமடியில் 13. யார் எழுதியது என்று பெயர் இருக்காது, பெரும்பாலும் பெண்கள் கட்டியவை என்பது வழக்கு. பிரிந்து போன கணவன், போருக்குப் போன காதலன், கிழவனுக்குக் கட்டிக் கொடுத்த கோபம், எல்லாம் அந்த 22 அசைக்குள். பெயரில்லாத பாட்டு என்பதால் யாரும் காவல் இல்லை, வாழ்க்கையில் நுழைந்தது எல்லாம் பாட்டிலும் நுழைகிறது. முன்பு கடிதம் வந்த இடத்தில் இப்போது மொபைல், வாள் இருந்த இடத்தில் டிரோன். கஜல் எழுதும் கவிஞர்கள் இந்தச் சொற்களைத் தொடத் தயங்குவார்கள்.

முடிந்தால் அவர் பாடியதைப் பதிவு செய்து கேட்டு எழுதுங்கள் சேகர். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஷார்ஜா சேகர்

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, எனக்கும் லீவு. கேட்டுப் பார்க்கிறேன்.